சக்திமானும் ஜோங்காவும்

ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு லேத் பட்டறை வாசலில், ராணுவ ஏலத்தில் எடுத்த ஜோங்கா ஜீப் ஒன்று நின்றது. அதன் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிக்கொண்டிருந்தார் மெக்கானிக். "வண்டி முழுக்க இரும்பு சார். ஆனா குடிக்கிற பெட்ரோலுக்கு யாரால கட்டுப்படியாகும்?" என்றார். அந்த எஞ்சின் ஏறக்குறைய நான்கு லிட்டர்.

ஜோங்காவுக்கு மூத்தது சக்திமான் லாரி. இரண்டுமே ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்யப்பட்டவை. இரண்டிலும் நான்கு சக்கரமும் இழுக்கும். கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த 1959-ல், ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் சக்திமான் உற்பத்தி தொடங்கி 1996 வரை ஓடியது. நிசான் பேட்ரோல் 60 வரிசையை அடியொற்றிய ஜோங்கா 1969-லிருந்து 1999 வரை.

பேர் வாங்கியது சின்னதுதான். 2019-ல் தோனி ஒன்றை வாங்கியதும் இளைஞர்கள் ஜோங்காவைத் தேட ஆரம்பித்தார்கள். லாரியை யார் வீட்டில் நிறுத்துவார்கள்? சக்திமான் என்ற பெயரும் 1997-ல் வந்த தொலைக்காட்சித் தொடரோடு போய்விட்டது. என் மனம் லாரியின் பக்கம்தான். லடாக்கில் அதை ஓட்டிய பர்கூர்க்காரர் ஒருவர் சொன்னார்: "விடியக்காலையில ஆயில் சேம்பருக்கு அடியில நெருப்பு மூட்டித்தான் தம்பி கிளப்புவோம். கிளம்பிட்டா நிக்காது." அதன் சுமையைப் பிறகு அசோக் லேலண்டின் ஸ்டாலியன் ஏற்றுக்கொண்டது.

இரண்டும் தேங்கிய இடம் ஒன்றே. நிசான் 1980-லேயே பேட்ரோலின் வடிவத்தை மாற்றிவிட்டது. ஜபல்பூர் பழைய வரைபடத்தோடு இன்னும் 19 ஆண்டு ஓட்டியது. வாங்குபவர் ராணுவம் ஒன்றே என்றால் அடுத்த வரைபடம் போட அவசரம் எங்கிருந்து வரும்? இதற்கு மாறான கதை இந்த ஓசூரிலேயே உண்டு. டிவிஎஸ், சுசுகி வடிவத்தில் 1984-ல் இண்ட் சுசுகி பைக்கைக் கொண்டுவந்தது. அந்தப் பெயரும் இன்று இல்லை. ஆனால் 2001-ல் சுசுகியோடு இருந்த கூட்டு பிரிந்தபோது, சொந்தமாக வடிவமைத்த விக்டர் அதே ஆண்டு சந்தைக்கு வந்தது. சந்தையில் ஹீரோ ஹோண்டாவும் பஜாஜும் நெருக்கிக்கொண்டிருந்தன. டிவிஎஸ் கற்காமல் தப்பியிருக்க முடியாது. ஜபல்பூர்த் தொழிலாளிக்குக் கை வராமல் இல்லை, கேட்பவர்தான் இல்லை.

பட்டறையில் ஜோங்காவின் தேய்ந்த புஷ் ஒன்று மேசைமேல் கிடந்தது. கடையில் கிடைக்காதாம். மெக்கானிக் வெர்னியரை வைத்து அளந்து, சிகரெட் அட்டையின் பின்புறம் படம் போட்டு, மூன்று அளவுகளை எழுதி லேத்காரரிடம் நீட்டினார்.