‘அருமை’ மட்டும் போதுமா? கவிதைக்கு விமர்சனம் சொல்வதும் ஏற்பதும்

மெர்லிமாவிலோ ஜாசினிலோ இருக்கும் ஒருவர் இரவில் ஒரு கவிதை எழுதிப் புலனக் குழுவில் பதிவிடுகிறார். சிறிது நேரத்தில் கைகூப்பும் படங்களும் ‘அருமை’, ‘வாழ்த்துகள்’ என்ற சொற்களும் குவிகின்றன. எந்த வரி நின்றது, எந்த வரி சரிந்தது என்று யாரும் சொல்வதில்லை. அடுத்த கவிதையும் அதே குறையோடு வருகிறது.

சில வேளைகளில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ‘இதெல்லாம் கவிதையா?’ என்று மூத்தவர் ஒருவர் கேட்டுவிட, எழுதியவர் அதோடு பேனாவை மூடி வைத்துவிடுகிறார். தமிழில் எழுத வருவோரே குறைவாக உள்ள சூழலில் இரண்டுமே இழப்புதான்.

படைப்பு எதைச் செய்ய முயல்கிறது, அதில் எங்கே வென்றது, எங்கே தவறியது என்பதைக் காரணத்தோடு சொல்வதே விமர்சனம்.

மரபில் உள்ள வழி

குறையைச் சுட்டுவது தமிழுக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் இருக்கவேண்டிய பத்து அழகுகளையும் வகுத்துள்ளது. பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவதையும் அது நூலாசிரியர்க்குரிய ஏழு மதங்களுள் ஒன்றாக வைத்துள்ளது.

‘கூறியது கூறல்’, ‘மிகைபடக் கூறல்’, ‘மற்றொன்று விரித்தல்’ ஆகியவை அந்தப் பத்துக் குற்றங்களில் சில. தொடக்கத்தில் வேகமாக எழுந்து, போகப் போக மெலிந்து முடிவது ‘சென்று தேய்ந்து இறுதல்’. இன்றைய கவிதைகளிலும் இதை அடிக்கடி காணலாம். குறைக்கு ஒரு பெயர் இருந்தால் பேச்சு வரியைப் பற்றியே நிற்கும். எழுதிய ஆளின் மீது பாயாது.

மலாயாவில் நடந்த வகுப்பு

1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். போருக்குப் பிந்திய மலாயாவில் புதிய எழுத்தாளர்கள் உருவாக அது வழிசெய்தது. நம் மண்ணில் எழுத்துப் பயிற்சிக்கு நாளிதழே வகுப்பறையானதற்கு அது நல்ல சான்று.

கவிதையில் வேறொரு சிக்கல் எழுந்தது. 1964இல் தமிழ் முரசில் வெளிவந்த சி. கமலநாதனின் ‘கள்ளப்பார்ட்டுகள்’ இந்நாட்டின் முதல் தமிழ்ப் புதுக்கவிதையாகக் குறிப்பிடப்படுகிறது. 1970களின் பிற்பகுதியில் ‘வானம்பாடி’ வார இதழ் புதுக்கவிதைக்குப் பெரிய களம் தந்தது. மரபா, புதுமையா என்ற வாதமும் கூடவே வளர்ந்தது.

அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. வெண்பா எழுதியவரிடம் ‘தளை தட்டுகிறது’ என்று இடத்தைக் காட்டிச் சொல்வது பயன் தரும். புதுக்கவிதை எழுதியவரிடம் ‘எதுகை இல்லையே’ என்பது பயன் தராது. எழுதியவர் எந்த வடிவத்தை எடுத்தாரோ, அதன் அளவுகோலால் அளப்பதே முறை.

எப்படிச் சொல்வது?

முதலில் கவிதையை இரண்டு முறையாவது, ஒரு முறை வாய்விட்டும் படிக்கவேண்டும். பிறகு நன்றாக அமைந்த வரியைக் குறிப்பிட்டுக் காரணம் சொல்லவேண்டும். அது எழுதியவருக்குத் தம் பலம் எது என்று காட்டும். அதன்பின் தடுக்கிய இடத்தைச் சொல்லலாம்.

எடுத்துக்காட்டாக, லயத்துக் கூரையில் விழும் மழையோசை ஆனந்தம் என்று ஓர் இளைஞர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘செயற்கையாக இருக்கிறது’ என்று சொன்னால் அவருக்கு எதுவும் விளங்காது. தோட்டத்தில் வாழ்ந்த ஒருவர் இப்படிச் சொல்லலாம்: “தம்பி, மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. வெட்டிய பிறகு மழை வந்தாலும் பால் மங்கில் சேராமல் பட்டையில் வழிந்து போகும். அன்றைய சம்பளமும் அதோடு போகும். விடியற்காலையில் மழைச் சத்தம் கேட்டதும் உங்கள் பாட்டியின் முகம் எப்படி இருந்திருக்கும்?” அந்தக் கேள்வியிலேயே அடுத்த கவிதை இருக்கிறது.

பெரியவர்களின் கவிதையில் குறை சொல்ல இளையோர் தயங்குவது இயல்பு. “ஐயா, இந்த மூன்றாம் வரி எனக்குப் பிடிபடவில்லை, யாரைக் குறிக்கிறது?” என்று கேள்வியாகக் கேட்டால் மரியாதையும் கெடாது, குறையும் மறையாது. ஒற்றுப்பிழை, லகர ளகர ழகர மயக்கம் போன்றவற்றைத் தனிச்செய்தியில் சொல்வது நல்லது.

எப்படி ஏற்பது?

உடனே பதில் எழுதாமல் இருப்பது முதல் பாடம். நன்றி சொல்லிவிட்டு ஒரு நாள் கழித்துப் படித்தால் கோபம் தணிந்திருக்கும். கருத்து மட்டும் நிற்கும். ‘நான் சொல்ல வந்தது இதுதான்’ என்று நீண்ட விளக்கம் தரவேண்டியிருந்தால், அந்த விளக்கம் கவிதைக்குள் வரவில்லை என்று பொருள்.

மூன்று பேர் ஒரே வரியில் தடுக்கினால் அந்த வரியைத் திருத்தவேண்டும். ஒருவர் மட்டும் சொன்னால் அது அவருடைய சுவையாக இருக்கலாம். எண்ணிப் பார்த்து விட்டுவிடலாம். திருத்துமுன் பழைய படியையும் பத்திரப்படுத்துவது நல்லது. பதிவிடும்போதே ‘யாப்பைப் பாருங்கள்’ அல்லது ‘முடிவு சரியா?’ என்று கேட்டுவிட்டால் வரும் பதிலும் குறிப்பாக இருக்கும்.

மலாக்காவின் சொந்தப் பாடம்

இதற்கு மலாக்காவிலேயே ஓர் அழகான முன்மாதிரி உண்டு. 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற டொண்டாங் சாயாங் கலையில் இருவர் மாறி மாறிப் பந்துன் பாடுவர். மலாய்க்காரர்கள், பாபா நோன்யா, போர்த்துகீசிய வம்சாவளியினரோடு மலாக்கா செட்டி சமூகத்தினரும் இதைப் பேணி வருகின்றனர். எதிரே இருப்பவர் பாடியதை முழுமையாகக் கேட்டால்தான் அதற்கு ஏற்ற பதிலைப் பாட முடியும்.

கவிதைக் குழுக்களுக்கும் இதே விதி பொருந்தும். அடுத்த கவிதைக்கு ‘அருமை’ என்று தட்டுமுன், அருமையான அந்த வரி எது என்று ஒரு வாக்கியம் சேர்த்தாலே போதும். எழுதியவருக்கு அது பத்து வாழ்த்துக்குச் சமம்.