வேகத்தின் வர்க்கமும் மயிலிட்டி வீதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே அமைந்த ஊர் மயிலிட்டி. 1990 ஆம் ஆண்டிலே இடம்பெயர்ந்த அவ்வூர் மக்களுக்கு, மீன்பிடித் துறைமுகமும் அதனை அடுத்த நிலமும் 2017 ஆம் ஆண்டு யூலை மாதத்திலேயே விடுவிக்கப்பட்டன. துவிச்சக்கரவண்டியில் கடற்கரைக்குச் சென்ற காலத்தை நினைவிற் கொண்ட முதியோர், இன்று மோட்டார் சைக்கிளும் மீன் லொறியும் விரையும் வீதியில் நடக்கின்றனர். ஆதலின், ஓடும் பொருளின் வலிமையை எவ்வாறு அளப்பது என்னும் பழைய வினா அவர்களுக்கு உயிர்ப்பிரச்சினையாகும்.

பிரான்சிய அறிஞர் தெக்காட்டு 1644 இல் வெளியிட்ட நூலில், பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கி வருவதே அதன் இயக்கத்தின் அளவு என்றார். அவ்வாறாயின், வேகம் இருமடங்கானால் வலிமையும் இருமடங்கே ஆகும். 1686 இல் செருமானிய அறிஞர் லைப்னிற்சு இதனை மறுத்தார். விழும் பொருள்கள் பற்றிக் கலிலியோ கண்ட விதியைக் கொண்டு, வலிமை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே வளரும் என நிறுவினார். ஒல்லாந்தரான கிரேவ்சாந்தே பித்தளைக் குண்டுகளை மென்களிமண்ணில் விழச்செய்து பார்த்தார். இருமடங்கு வேகத்தில் விழுந்த குண்டு நான்கு மடங்கு குழி பறித்தது. எமிலி து சாத்தலே என்னும் பெண்மணி 1740 இல் தமது நூலில் இக்கொள்கையை ஆதரித்து எழுதினார். தெக்காட்டு கூறிய அளவு பயனற்றதன்று. அது உந்தம் என்ற பெயரில் நிலைத்தது. லைப்னிற்சு கண்டதோ இயக்கசக்தி ஆயிற்று.

வண்டியை நிறுத்துவதென்பது இவ்வியக்கசக்தியை உராய்வினாற் செலவிடுவதேயாம். உராய்வுக் குணகம் 0.7 ஆகவுள்ள உலர்ந்த வீதியில், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வருவது பிறேக் பிடித்தபின் ஏறக்குறைய 9 மீற்றரில் நிற்கும். 80 கிலோமீற்றராயின் 36 மீற்றர் வேண்டும். மாரிமழையில் குணகம் 0.4 ஆகக் குறைந்தால் இவை 16, 63 மீற்றராகும். கண் கண்டு கால் அழுத்துவதற்குள் கழியும் ஒரு விநாடியில் வண்டி ஓடும் 11 அல்லது 22 மீற்றர் இவற்றிற் சேரவில்லை.

வளைவிலும் இவ்வர்க்கமே ஆட்சி செய்கின்றது. வட்ட இயக்கத்தை ஆராய்ந்து ஐகென்சு 1673 இல் வெளியிட்ட தேற்றங்களின்படி, திரும்புதற்கு வேண்டிய விசையும் வேகத்தின் வர்க்கத்தோடு பெருகும். டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு ஒன்றே. திரும்பவும் நிறுத்தவும் அதுவே உதவவேண்டும். ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்னரே தணித்தல் வேண்டும். வளைவினுள் திடீரெனப் பிறேக் பிடிப்பது சறுக்கலுக்கு வழியாகும்.

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவது 6 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். 80 கிலோமீற்றரில் மோதுவதோ 25 மீற்றருக்கு, அஃதாவது ஓங்கி வளர்ந்த பனையின் உச்சியிலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். பனை ஏறுபவன் உயரத்தைக் கண்ணாற் கண்டு அஞ்சுகின்றான். வண்டி செலுத்துபவனுக்கு அவ்வுயரம் தோன்றுவதில்லை. வேகத்தை இருமடங்காக்கி, அபாயமும் இருமடங்கே என எண்ணுபவன் 1686 இலேயே மறுக்கப்பட்ட பிழையை மீண்டும் செய்கின்றான். அறிஞர் அப்பிழையைக் களிமண்ணிற் கண்டு திருத்தினர். நெடுங்காலம் காத்திருந்து மண்ணுக்கு மீண்ட மக்கள், அதனை வீதியில் உயிர் கொடுத்துக் கற்கவேண்டுவதில்லை.