அரசன் வாசலும் ஆண்டவர் வாசலும்: எசேக்கியேல் அளந்த ஆலயம்

"மூன்றாம் ஆலயம்" என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சிவப்புக் கிடாரி, அந்திக்கிறிஸ்து, எருசலேமின் தங்கக் குவிமாடம், கூடவே நூற்றுக்கணக்கான யூடியூப் வீடியோக்கள். இந்தப் பேச்சுக்கெல்லாம் பெரிய ஆதாரம் எசேக்கியேல் புத்தகத்தின் கடைசி 9 அதிகாரங்கள், 40 முதல் 48 வரை. வருஷத்துக்கு ஒருமுறை பைபிளை முழுசாகப் படித்து முடிப்பவர்கள்கூட கொஞ்சம் வேகமாகப் புரட்டிவிடுகிற பகுதி இது. கோல், முழம், தூண், வாசல், அறை என்று ஒரு மேஸ்திரியின் கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். நிதானமாகப் படித்தால் அந்தக் கணக்குக்குள்ளே ஒரு கோபம் தெரியும். அது யார் மேல் உள்ள கோபம் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் காலம். எசேக்கியேல் ஒரு ஆசாரியன். கி.மு. 597-இல் யோயாக்கீன் ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறை கொண்டுபோகப்பட்ட கூட்டத்தில் அவரும் ஒருவர். (அந்த யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து மகன்களுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த ரேஷன் கணக்கு, களிமண் பலகைகளாகப் பாபிலோன் அரண்மனை இடிபாட்டிலிருந்தே கிடைத்திருக்கிறது. இதெல்லாம் வெறும் கதை என்று சொல்பவர்களுக்கு அந்தப் பலகைகளைத்தான் காட்டணும்.) பதினோரு வருஷம் கழித்து எருசலேமும் ஆலயமும் எரிந்தன. அது எரிந்து 14 வருஷம் ஆன பிறகு, அதாவது கி.மு. 573 வாக்கில், எசேக்கியேல் ஒரு தரிசனம் காண்கிறார். ஒரு உயர்ந்த மலை. வெண்கலம் போல மின்னும் ஒரு ஆள். அவன் கையில் சணல் நூலும் ஒரு அளவுகோலும்.

கோலின் நீளம் 6 முழம். நம் ஊரில் பூ அளக்கிற முழம்தான், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. ஆனால் இந்தக் கோலில் ஒவ்வொரு முழத்துக்கும் நாலு விரற்கடை கூடுதல். இன்றைய கணக்கில் ஒரு முழம் சுமார் 52 சென்டிமீட்டர், ஒரு கோல் 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த ஆள் அளந்துகொண்டே போகிறான், எசேக்கியேல் பின்னாலேயே நடக்கிறார். கடைசியில் வெளிமதில்: நாலு பக்கமும் 500. இங்கே ஒரு சிக்கல். எபிரேயப் பிரதியில் 500 கோல் என்று இருக்கிறது, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 500 முழம். முழம் என்றால் பக்கத்துக்கு 260 மீட்டர், கோல் என்றால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். ஒன்றரைக் கிலோமீட்டர் சதுரம் அந்த மலைமேல் உட்காரவே உட்காராது.

எதற்கு இவ்வளவு பெரிய மதில்? காரணத்தை 43-ஆம் அதிகாரத்தில் கடவுளே சொல்வதாக வருகிறது. ராஜாக்கள் தங்கள் வாசற்படியை என் வாசற்படியோடும், தங்கள் நிலைக்காலை என் நிலைக்காலோடும் சேர்த்து வைத்தார்கள், நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது என்பது குற்றச்சாட்டு. செத்த ராஜாக்களின் பிணங்களும் அதே பட்டியலில் வருகின்றன.

இது புரிய, சாலொமோன் கட்டியதை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆலயம் கட்ட 7 வருஷம், அவன் அரண்மனை கட்ட 13 வருஷம் என்று ராஜாக்களின் புத்தகமே எழுதி வைத்திருக்கிறது. ஆலயம் 60 முழ நீளம், 20 முழ அகலம். அரண்மனை வளாகத்தில் இருந்த "லீபனோன் வனம்" என்ற ஒரே ஒரு மாளிகை 100-க்கு 50. ரெண்டும் ஒரே வளாகம். நாம் மனதில் நினைத்திருக்கிற "சாலொமோன் தேவாலயம்" உண்மையில் ஒரு பெரிய அரண்மனையோடு ஒட்டியிருந்த அரசக் கோயில். அதனால்தான் ஆகாஸ் ராஜா தமஸ்குவில் ஒரு பலிபீடத்தைப் பார்த்துவிட்டு அதே மாதிரி இங்கேயும் செய்யச் சொல்லி, பழைய வெண்கலப் பீடத்தைத் தள்ளி வைக்க முடிந்தது. மனாசே பிராகாரத்திலேயே வேறு தெய்வங்களுக்குப் பீடம் கட்டினான், செத்தபின் தன் அரண்மனைத் தோட்டத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டான். வீட்டுக்காரர் வைத்ததுதான் சட்டம்.

எசேக்கியேலின் திட்டத்தில் அந்த அரண்மனையைத் தேடிப் பாருங்க. ஆலயத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று கிடையாது. "ராஜா" என்ற சொல்லையே இங்கே பெரும்பாலும் தவிர்த்துவிட்டு "அதிபதி" என்கிறார். அதிபதிக்கு நிலம் உண்டு, ஆனால் பரிசுத்த பங்குக்கு வெளியே, கிழக்கிலும் மேற்கிலும். ஓய்வுநாளில் அவன் உள்வாசலின் படியருகே நின்று கும்பிடலாம், உள்பிராகாரத்துக்குள் கால் வைக்கக் கூடாது. பண்டிகைக்கு வருகிற ஜனங்கள் வடக்கு வாசலில் நுழைந்தால் தெற்கு வாசலில் வெளியேற வேண்டும், அதிபதியும் அவர்கள் நடுவிலே வந்து அவர்களோடேயே போக வேண்டும். தனி வி.ஐ.பி. வரிசை கிடையாது! (கிழக்கு வாசலில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு மரியாதை மட்டும் அவனுக்கு உண்டு.) ஜனங்களின் நிலத்தை அவன் பிடுங்கக் கூடாது என்று தனியாக ஒரு விதி. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் எடுத்துக்கொண்ட கதை தெரிந்தவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டாம். அடுத்து படியும் மரக்காலும் சரியாக இருக்கணும் என்று ஒரு விதி. ஆலயத் திட்டத்துக்குள் தராசு ஏன் வருகிறது? ஆலயத்துக்கான காணிக்கைகளை ஜனங்களிடம் வாங்கிச் செலுத்துவது அதிபதி. அவன் அளவு பொய்யாக இருந்தால் பலியும் பொய்.

ஆக, இந்த 9 அதிகாரங்களை நான் ஒரு கட்டட வரைபடமாகப் படிப்பதில்லை. அதிகாரம் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்ற அளவாகத்தான் படிக்கிறேன். இதற்கு உள்சான்றும் இருக்கிறது. அளவுகள் பெரும்பாலும் நீளமும் அகலமும்தான், உயரம் மிகச் சில இடங்களில் மட்டும். உயரம் இல்லாமல் எந்தக் கொத்தனாராலும் வீடு கட்ட முடியாது. மோசேயிடம் கூடாரத்தைச் செய் என்று நேராகச் சொன்ன மாதிரி, இங்கே ஆலயத்தைக் கட்டு என்ற கட்டளையும் இல்லை. ஜனங்களுக்கு இதைக் காட்டு, அவர்கள் தாங்கள் செய்ததை நினைத்து வெட்கப்பட்டால் விவரத்தைத் தெரிவி என்றுதான் வருகிறது. உடன்படிக்கைப் பெட்டி இல்லை, பிரதான ஆசாரியன் இல்லை. எருசலேம் என்ற பெயர்கூட இந்த 9 அதிகாரங்களில் ஒரு தடவையும் இல்லை, "நகரம்" என்பதோடு சரி.

கோரேஸ் அனுமதி கொடுத்துத் திரும்பி வந்தவர்கள் கி.மு. 515 வாக்கில் ஆலயத்தைக் கட்டி முடித்தார்கள். எசேக்கியேல் படி அல்ல. பணமும் இல்லை, ராஜாவும் இல்லை. சாலொமோனின் ஆலயத்தைக் கண்ணால் பார்த்திருந்த கிழவர்கள் அஸ்திபாரம் போடும்போதே அழுதார்கள் என்கிறது எஸ்றாவின் புத்தகம்.

பணத்தோடு வந்தவன் ஏரோது. கி.மு. 20 வாக்கில் வேலையை ஆரம்பித்து மலையையே அகலப்படுத்தினான். ஆலய மதிலை ஒட்டி அந்தோனியா என்ற கோட்டை, மார்க் ஆண்டனி பெயரில். பிரதான ஆசாரியனின் பண்டிகை உடை அந்தக் கோட்டைக்குள் பூட்டி வைக்கப்பட்டது. யோசேபஸ் எழுதியிருக்கிற இந்த விவரத்தைப் படித்தபோது எனக்கு எசேக்கியேலின் "நடுவில் ஒரு சுவர்" தான் ஞாபகம் வந்தது. பெரிய வாசலுக்கு மேலே ஏரோது ஒரு தங்கக் கழுகும் வைத்தான். அதை வெட்டிக் கீழே தள்ளிய மாணவர்களையும் அவர்களுக்குப் போதித்தவர்களையும் பிடித்து, முக்கியமானவர்களை உயிரோடு எரித்தான்.

இன்னொரு சம்பவம் அதைவிடப் பொருத்தம். கி.பி. 60-ஐ ஒட்டி இரண்டாம் அகிரிப்பா தன் அரண்மனையில் உயரமாக ஒரு சாப்பாட்டு அறை கட்டினான். படுத்துக்கொண்டே சாப்பிடலாம், அப்படியே ஆலயத்துக்குள் நடக்கும் பலியையும் பார்க்கலாம். எருசலேமின் முக்கியஸ்தர்கள் கொதித்துப்போய் பார்வையை மறைக்க ஒரு உயரமான சுவரை எழுப்பிவிட்டார்கள். அகிரிப்பாவும் ரோம ஆளுநர் பெஸ்துவும் இடிக்கச் சொன்னார்கள். வழக்கு ரோமாபுரிக்குப் போனது. நீரோ, ஆமாம் அதே நீரோதான், சுவர் அப்படியே இருக்கட்டும் என்றான். மனைவி போப்பேயா பரிந்து பேசியதால்தான் என்கிறார் யோசேபஸ். ராஜாவுக்கும் பீடத்துக்கும் நடுவே ஜெயித்த அந்தச் சுவர் பத்து வருஷம் போலத்தான் நின்றது. கி.பி. 70-இல் எல்லாமே எரிந்தது.

அதன்பின் யூத ரபிகள் இந்த அதிகாரங்களை எப்படிக் கையாண்டார்கள் என்பது சுவாரசியமானது. எசேக்கியேலின் பலிச்சட்டம் மோசேயின் சட்டத்தோடு ஒத்துப்போகாது. அமாவாசைக்கு எண்ணாகமம் 2 காளை, 7 ஆட்டுக்குட்டி கேட்கிறது, எசேக்கியேல் 1 காளை, 6 ஆட்டுக்குட்டி என்கிறார். இந்தப் புத்தகத்தையே ஒதுக்கி வைத்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. எசேக்கியாவின் மகன் அனனியா என்பவர் 300 ஜாடி எண்ணெயோடு மாடியறையில் உட்கார்ந்து, விளக்கெரித்துப் படித்துப் படித்து முரண்பாடுகளைத் தீர்த்து வைத்தார் என்கிறது தல்மூத். அப்படியும் எல்லாம் தீரவில்லை போல. யோகனான் என்ற ரபி, இந்தப் பகுதியை எலியா வந்துதான் விளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பின்னாளில் ராஷி எதிர்கால ஆலயம் வானத்திலிருந்து கட்டி முடித்த நிலையில் இறங்கும் என்று எழுதினார். மைமோனிடிஸ் மேசியா வந்து கட்டுவார் என்றார், எசேக்கியேலில் உள்ள ஆலயம் தெளிவாக விளக்கப்படவில்லை என்றும் சேர்த்து எழுதினார். ரெண்டு பேர் சொன்னதற்கும் நடைமுறையில் ஒரே அர்த்தம்: நீ கடப்பாரையைத் தூக்காதே.

தூக்கியவர்கள் பேரரசர்கள். கி.பி. 363-இல் ஜூலியன் எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்ட உத்தரவிட்டான். யூதர்கள் மேல் பாசத்தைவிட, கிறிஸ்தவர்களின் வாதத்தை உடைக்கும் ஆசைதான் அதிகம் என்பது என் கணிப்பு. அஸ்திபாரத்திலிருந்து நெருப்பு கிளம்பியதால் வேலை நின்றது என்கிறார் அம்மியானுஸ். அந்த வருஷம் அந்தப் பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்தது. ஜூனில் ஜூலியன் பாரசீகப் போரில் செத்தான், திட்டமும் முடிந்தது.

ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்பு காகிதத்தில் கட்டினான். வில்லல்பாண்டோ என்ற இயேசு சபைத் துறவி எசேக்கியேலின் ஆலயத்தைத் தூண் தூணாக வரைந்து 1596-இல் ரோமில் வெளியிடத் தொடங்கிய பெரிய நூலுக்குப் பணம் கொடுத்தது அவன். ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்ட படங்கள் அவை, ரோமானியத் தூண்களோடு கம்பீரமாக இருக்கும். அதே பிலிப்பு கட்டிய எஸ்கோரியல் அரண்மனைக்குள் பேராலயமும் அடக்கம், ராஜாக்களின் கல்லறையும் அடக்கம். அவன் படுக்கையறை, கட்டிலிலிருந்தே பலிபீடத்தைப் பார்க்கும்படி அமைந்திருந்தது. எசேக்கியேலுக்குப் படம் போடச் செலவு செய்தவன், எசேக்கியேல் எதைக் கண்டித்தாரோ அதையே கல்லில் கட்டி அதில் படுத்துத் தூங்கினான்!

கிறிஸ்தவர்களுக்கு வேறொரு தலைவலி. வெளிப்படுத்தின விசேஷத்திலும் ஒரு தூதன் பொற்கோலால் நகரத்தை அளக்கிறான், ஆனால் அங்கே ஆலயமே இல்லை என்று யோவான் எழுதிவிட்டார். எபிரெயர் நிருபமோ ஒரே பலி, ஒரே தரம் என்கிறது. அப்படியென்றால் எசேக்கியேலின் பாவநிவாரண பலிகளை என்ன செய்வது? ஆரம்ப காலத்திலிருந்தே பலர் உருவகமாக எடுத்துக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் டார்பி வழியில் வந்தவர்கள், இல்லை, நிஜக் கல்லில் நிஜ ஆலயம் வரும் என்றார்கள். 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு பைபிள் அந்தப் பலிகள் சிலுவையை நினைவுகூரும் பலிகள் என்று குறிப்பு போட்டது. நினைவுப் பலி என்று எசேக்கியேல் சொல்லவில்லை, பாவநிவர்த்தி என்றுதான் சொல்கிறார். எழுத்துக்கு எழுத்து படிக்கிறோம் என்று ஆரம்பித்தவர்கள் சரியாக அந்த இடத்தில் எழுத்தை விட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

இதெல்லாம் படிப்பறைச் சண்டையாகவே இருந்திருந்தால் பரவாயில்லை. 1969 ஆகஸ்ட் 21 அன்று டெனிஸ் மைக்கேல் ரோஹன் என்ற ஆஸ்திரேலியக் கிறிஸ்தவர் அல்-அக்ஸா பள்ளிவாசலுக்குத் தீ வைத்தார். சலாவுதீன் காலத்திலிருந்து அங்கே நின்ற மரப் பிரசங்க மேடை சாம்பலானது. சகரியாவின் தீர்க்கதரிசனத்தில் ஆலயம் கட்டுவதாகச் சொல்லப்பட்டவர் தானே என்று ரோஹன் நம்பியிருந்தார். நீதிமன்றம் அவரை மனநிலை சரியில்லாதவர் என்று முடிவு செய்தது. 1984-இல் பிடிபட்ட யூதத் தலைமறைவுக் குழுவினர் மனநோயாளிகள் இல்லை. பாறைக் குவிமாடத்தை வெடிவைத்துத் தகர்க்க உட்கார்ந்து திட்டம் போட்டவர்கள்.

2022 செப்டம்பரில் டெக்சாஸிலிருந்து 5 சிவப்புக் கிடாரிகள் விமானத்தில் இஸ்ரேலுக்கு வந்து இறங்கின. எண்ணாகமம் 19-இல் உள்ள சுத்திகரிப்புச் சடங்குக்காக. எசேக்கியேலின் 9 அதிகாரங்களில் சிவப்புக் கிடாரியே கிடையாது. விருத்தசேதனம் இல்லாத அந்நியன் ஆலயத்துக்குள் வரக்கூடாது என்ற கறாரான விதி 44-இல் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். அதே கையால் எழுதிய 47-இல், உங்கள் நடுவே தங்கிப் பிள்ளை பெற்ற அந்நியருக்கும் சொந்த ஜனத்துக்குக் கொடுப்பது போலவே, அவர்கள் குடியிருக்கும் கோத்திரத்திலேயே நிலம் பங்கிட்டுக் கொடுங்கள் என்று இருக்கிறது. இந்த வசனத்துக்காக யாரும் விமானத்தில் எதையும் கொண்டுவந்து இறக்கியதை நான் பார்த்ததில்லை.