சக்கர நாற்காலியும் காலி வீதியும்: படிக்கட்டுகளின் ஒரு சிறு வரலாறு

2024இல் வந்த ‘சந்து சாம்பியன்’ ஹிந்திப் படத்தை எங்களில் கனபேர் பாத்திருப்போம். முரளிகாந்த் பேட்கர் என்ற சிப்பாயின் கதை அது. 1965 இந்திய - பாகிஸ்தான் யுத்தத்தில் பல குண்டுகள் பாய்ந்து, அதில் ஒன்று முள்ளந்தண்டில் தங்கி, இடுப்புக்குக் கீழே இயங்க முடியாமல் போனவர். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்தில் நடந்த பராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் எடுத்தார். இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பராலிம்பிக் தங்கம் அது.

இப்படியான கதைகளைப் பாத்து முடிய வழமையாக ஒரு வசனம் வரும்: “மனசு வைச்சால் எல்லாம் முடியும்.” பேட்கருக்கு மனசு இருந்தது உண்மைதான். ஆனால் சிகிச்சையின் ஒரு பகுதியாக அவரைத் தண்ணியில் இறக்கிவிட ஆட்களும் இருந்தார்கள், இறங்க ஒரு நீச்சல் தடாகமும் இருந்தது. போய்ப் போட்டியிட ஒரு பராலிம்பிக்கும் இருந்தது. இவற்றையெல்லாம் யாரோ கட்டி வைத்திருந்தார்கள். முள்ளந்தண்டு காயத்துக்குப் பிறகும் சாகசமான ஒரு வாழ்க்கை உண்டு என்பதன் வரலாற்றை, அந்தக் கட்டி வைத்தவர்களின் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்கலாம் எண்டு நினைக்கிறோம். அந்த வரலாற்றில் எங்கட கொழும்புக்கும் ஒரு அத்தியாயம் இருக்கு.

முதலில் உயிர்

1917இல் ஜெர்மனியில் லுட்விக் குட்மன் என்ற இளைஞர் ஒரு ஆஸ்பத்திரியில் தொண்டராக இருந்தார். முதுகு உடைந்த ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆளைப் பற்றிக் குறிப்பு எழுதி மினக்கெட வேண்டாம், கொஞ்ச வாரத்தில் செத்துவிடுவார் எண்டு குட்மனுக்குச் சொல்லப்பட்டது. ஐந்து வாரத்தில் அவர் இறந்தும் போனார்.

இவர்கள் முதுகு உடைந்ததால் மட்டும் சாகவில்லை. உணர்வில்லாத உடம்பை ஒரே பக்கமாகக் கிடத்தினால் அழுத்தப்படும் இடத்துக்கு இரத்தம் போகாது. தோல் அழுகிப் படுக்கைப்புண் வரும். சிறுநீர் முழுதாக வெளியேறாமல் கிருமி சேர்ந்து சிறுநீரகம் வரை போகும். நோயாளிக்கு வலியே தெரியாது. ‘தலைவிதி’ எண்டு சொல்லப்பட்டது பெரும்பாலும் கவனிப்பில்லாமல் வந்த சாவு.

குட்மன் யூதர். 1939இல் நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்குப் போனார். 1944 பெப்ரவரி 1இல் ஸ்டோக் மண்டெவில் ஆஸ்பத்திரியில் முள்ளந்தண்டு காயப்பட்டவர்களுக்கான பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான் என்பது அங்கே சட்டம். கேட்க மிகச் சாதாரணமான விஷயம். ஆனால் ஆட்கள் பிழைக்கத் தொடங்கினார்கள்.

பிழைத்தவர்களுக்கு அடுத்து என்ன? 1948 ஜூலை 29இல், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அந்த ஆஸ்பத்திரி வளவில் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேர் அம்பெய்யும் போட்டியில் இறங்கினார்கள். அதுதான் பராலிம்பிக்கின் விதை. 1960இல் ரோமில் 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் கூடினார்கள். ஆனால் அங்கே அவர்களுக்குக் கொடுத்த தங்குமிடங்கள் தூண்களில் உயர்த்திக் கட்டப்பட்டவை, ஏறப் படிகள்தான். உலகப் போட்டிக்கு வந்த வீரர்களை இத்தாலியச் சிப்பாய்கள் தூக்கி ஏற்றி இறக்கினார்கள். படிக்கட்டு முதல் பராலிம்பிக்கிலேயே குறுக்கே நின்றுவிட்டது.

வேலூரில் ஒரு டொக்டர்

எங்களுக்குக் கிட்டவான கதை தமிழ்நாட்டில் நடந்தது. கொச்சியில் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து அங்கேயே வேலை செய்தவர். 1954 ஜனவரியில் நண்பர்களோடு உல்லாசப் பயணம் போன வாகனம் புரண்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அதற்குப் பிறகு அவர் சத்திரசிகிச்சை கற்றார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீராக்கும் சத்திரசிகிச்சையைச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே செய்தார். கைக்கான சத்திரசிகிச்சையை இருந்துகொண்டு செய்யலாம், நிற்கத் தேவையில்லை. அதை யோசித்து அவருக்கு வழிவிட ஒரு ஆஸ்பத்திரி தயாராக இருந்தது.

பிறகு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் தனக்கான பயிற்சி, நியூயோர்க்கில் புனர்வாழ்வு மருத்துவத்தில் மேற்படிப்பு. திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை தாங்கினார். 1966இல் அங்கே புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது. அவருடைய சாகசத்துக்கு விருதை விடப் பெரிய சாட்சி அந்த நிலையம்தான். தனக்குக் கிடைத்த வழியை அவர் மற்றவர்களுக்கும் ஒரு கட்டடமாக்கினார்.

கொழும்பில் ஒரு நடுவர்

இனி எங்கட ஊர். அஜித் சி. எஸ். பெரேரா என்ற பெயரை எங்கட தலைமுறையில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? இரசாயனவியலாளர், முதல்தரக் கிரிக்கெட் போட்டிகளின் நடுவர். 1992 நவம்பரில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய காரின் மேல் வீதியோர மரம் ஒன்று முறிந்து விழுந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி.

மைதானத்தில் விதி பார்த்து விரல் உயர்த்தியவர், இதற்குப் பிறகு நாட்டின் விதிகளை எடுத்துப் பார்த்தார். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு இருந்தது. 2006 ஒக்டோபரில் பொதுக் கட்டடங்களுக்குள் எல்லாரும் போய்வரக்கூடிய வசதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. பழைய கட்டடங்களைத் திருத்த 3 வருட அவகாசம். கடதாசியில் எல்லாம் சரி. வெளியில் படிக்கட்டு அப்படியே இருந்தது.

2009இல் பெரேரா உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்தார். தனக்கு நட்டஈடு கேட்கிற வழக்கில்லை இது. 2011 ஏப்ரல் 27இல் கட்டளை வந்தது: புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்கள் ஒழுங்குவிதிகளின்படியே அமைய வேண்டும், மலசலகூடமும் அதில் அடங்கும், மீறுவது தண்டனைக்குரிய குற்றம். 2016 பெப்ரவரியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. பெரேரா ‘இதிரிய’ என்ற அமைப்பின் மூலமும் பத்திரிகைகளிலும் கடைசி வரை இதையே கதைத்துக்கொண்டிருந்தார். 2020இல் காலமானார்.

சாகசம் எண்டால் மலை ஏறுவது, கடல் கடப்பது எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். எங்களைப் பொறுத்தவரை, சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு ஒரு நாட்டின் படிக்கட்டுகளை வழக்குக்கு இழுத்ததும் சாகசம்தான்.

மூன்று படியின் கணக்கு

இப்ப காலி வீதிக்கு வருவோம். வெள்ளவத்தையில் ஒரு கடை வாசலில் ஆறு அங்குலப் படி மூன்று இருக்கு எண்டு வைப்போம். மொத்த உயரம் 18 அங்குலம். சாய்தளத்துக்கு உலகம் முழுக்கப் பாவிக்கப்படும் கணக்கு 1:12. ஒரு அங்குலம் ஏற 12 அங்குல நீளம் வேண்டும். அப்படியெண்டால் அந்த மூன்று படிக்கு 18 அடி நீளச் சாய்தளம் தேவை. காலி வீதி நடைபாதையில் 18 அடிக்கு எங்கே போவது? அதனால்தான் கட்டி முடித்த பிறகு செங்குத்தாக ஒரு பலகையை வைத்துச் சமாளிப்பார்கள். அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம். இந்தக் கணக்கைப் படம் கீறும்போதே போட வேண்டும். அந்த ஒழுங்குவிதிகளின் பெறுமதி இங்கேதான் விளங்கும்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் பழைய வீடுகள், ஒடுக்கமான ஒழுங்கைகள், மேல்மாடி அறைகள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் லிஃப்ட் இருக்கும், ஆனால் பல இடங்களில் அந்த லிஃப்டுக்குப் போகவே நாலு படி ஏற வேண்டும்.

இது எங்கட சமூகத்துக்கு ஏன் முக்கியம்? யுத்தம் முடிந்தபோது வன்னியில் முள்ளந்தண்டு காயத்தோடு தப்பியவர்கள் பலர். மாங்குளத்தில் அவர்களுக்காக ‘உயிரிழை’ என்ற அமைப்பு இயங்குகிறது. வைத்தியத்துக்கு, கடதாசி வேலைகளுக்கு எண்டு கொழும்புக்கு வரும் வடக்குச் சனம் தங்குவது பெரும்பாலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும்தான். ஷெல்லுக்குத் தப்பி, படுக்கைப்புண்ணுக்குத் தப்பி வந்த ஒருவரை லொட்ஜ் வாசலில் நாலு பேர் தூக்கி ஏற்ற வேண்டியிருக்கு. ரோமில் 1960இல் நடந்ததுதான் இதுவும்.

தூக்கிவிடுகிறவர்கள் நல்ல சனம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தூக்கிவிட ஆள் தேடுகிற மனிசனுக்கு நினைத்த நேரம் வெளிக்கிட முடியாது. தனியாக மரைன் டிரைவ் பக்கம் போய்க் கடல் பாக்க முடியாது, ஒரு படம் பாக்க முடியாது, காதலிக்கிற ஆளைச் சந்திக்கக்கூட இன்னொருவரைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

வாசிக்கிற நீங்கள் அடுத்த முறை ஒரு புத்தக வெளியீடோ திரையிடலோ ஒழுங்கு செய்தால், மண்டபத்துக்கு வாடகை எவ்வளவு எண்டு கேட்கும்போதே வாசலில் எத்தனை படி, மலசலகூடக் கதவு எவ்வளவு அகலம் எண்டும் கேளுங்கள். கேட்கிற ஆட்கள் கூடினால் மண்டபக்காரரும் அந்தக் கணக்கைப் பார்க்கத் தொடங்குவார்கள். சட்டம் ஏற்கனவே எங்கட பக்கம் இருக்கு. 2011இலேயே ஒருவர் அதை வென்று தந்துவிட்டுப் போயிருக்கிறார்.