லாபியில் நின்ற துறவி

மைக்கேல் ஜட்ஜ் பாதிரியார் இறந்த விதம் பற்றி ஒரு கதை 2001 செப்டம்பரிலேயே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பற்றி எரியும் உலக வர்த்தக மையத்தின் அடியில், விழுந்து கிடந்த தீயணைப்பு வீரர் ஒருவருக்கு இறுதி ஆசீர்வாதம் கொடுக்கத் தலைக்கவசத்தைக் கழற்றினாராம். அந்த நேரம் பார்த்து மேலிருந்து இடிபாடு விழுந்ததாம். நியூயார்க் தீயணைப்புத் துறையின் ஆன்மகுருவுக்கு இதைவிடப் பொருத்தமான மரணம் வேறு இருக்க முடியாது என்றே எவருக்கும் தோன்றும்.

நடந்தது வேறு. செப்டம்பர் 11 அன்று வீரர்களோடு இருந்த பிரெஞ்சு ஆவணப்பட இயக்குநர் ஜூல் நோடேயின் காமிராவில் ஜட்ஜ் பதிவாகியிருக்கிறார். வடக்குக் கோபுரத்தின் லாபியில் நிற்கிறார். உதடுகள் ஓயாமல் அசைகின்றன. வெளியே, மேல்மாடிகளிலிருந்து குதித்தவர்கள் தரையில் மோதும் சத்தம். உள்ளே, குழுக்குழுவாக வீரர்கள் வருகிறார்கள், உத்தரவு வாங்குகிறார்கள், சுமையோடு படியேறுகிறார்கள். காலை 9.59க்குத் தெற்குக் கோபுரம் சரிந்தது. அதன் இடிபாடும் புழுதியும் இந்த லாபிக்குள் பாய்ந்து எல்லாவற்றையும் இருட்டாக்கின. டார்ச் வெளிச்சத்தில் அதிகாரி ஜோசப் ஃபைஃபர் அவரைக் கண்டுபிடித்து, கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு நாடி பார்த்தார். உயிர் இல்லை.

எனக்கு அந்தக் கதையைவிட இந்த உண்மைதான் பெரிதாகப் படுகிறது. தீயணைப்புத் துறையில் ஆன்மகுருவின் கையில் குழாயும் இல்லை, கோடாரியும் இல்லை. சாகப்போகிறோமோ என்ற எண்ணத்தோடு படியேறுகிறவனும், அவனை மேலே அனுப்பும் அதிகாரியும் திரும்பிப் பார்த்தால் கண்ணில் படும் இடத்தில் அவர் இருக்க வேண்டும். அந்த வேலையில்தான் ஜட்ஜ் இறந்தார்.

புரூக்ளினில் 1933இல், அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். ஆறு வயதில் தந்தையை இழந்தார். பென் ஸ்டேஷன் ரயில் நிலையத்தில் ஷூ பாலிஷ் போட்டுச் சம்பாதித்த சிறுவன், எதிரே இருந்த புனித பிரான்சிஸ் அசிசி ஆலயத்துக்குள் போகத் தொடங்கினான். பழுப்பு அங்கி அணிந்த துறவிகள் மனத்தில் பதிந்தார்கள். 15 வயதில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்வதற்கான பயிற்சியைத் தொடங்கி, 1961இல் குருவானார். நடுவயதில் குடிக்கு அடிமையாகி, அதிலிருந்து மீண்டதை அவர் ஒளிக்கவில்லை. எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே ஊர் அஞ்சிய 1980களில், அவர்களுடைய கட்டிலருகே உட்கார்ந்து பாதங்களை நீவிவிட்டவர்.

தீயணைப்புத் துறை அவரை 1992இல் நியமித்தது. 31ஆம் தெருவில் அவர் தங்கியிருந்த மடத்துக்கு நேர் எதிரே ஒரு தீயணைப்பு நிலையம். ஒரு வீரர் இறந்தால், விடிவதற்குள் அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களில் ஆன்மகுருவும் ஒருவர். கதவைத் திறக்கும் மனைவிக்கு, அந்தச் சீருடையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும். தீயோடு தொடர்பில்லாத துயரத்துக்கும் ஜட்ஜ் போனார். 230 பேரோடு டிடபிள்யூஏ 800 விமானம் 1996 ஜூலையில் கடலில் விழுந்தபோது, விமான நிலையத்துக்கு அருகே ஹோட்டலில் காத்துக் கிடந்த உறவினர்களிடம் நாள்தோறும் சென்றார். சடலம் கிடைக்குமா என்று காத்திருப்பவர்களுக்குச் சொல்ல எந்த வேதத்திலும் தயாரான பதில் கிடையாது. அவர்களோடு உட்கார்ந்திருந்தார்.

அதே செப்டம்பர் 11இல், துறையின் இன்னொரு ஆன்மகுரு ஜான் டெலண்டிக்கும் அங்கே இருந்தார். கோபுரம் சரிந்து எல்லோரும் ஓடும்போது, போலீஸ்காரர் ஒருவர் தாம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று அவரிடம் கேட்டார். தனித்தனியாகப் பாவங்களைக் கேட்டறிந்து மன்னிப்பு அளிப்பதே கத்தோலிக்க முறை. அதற்கு நேரமில்லாமல் மரணம் நெருங்கினால், எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவாக மன்னிப்பு அளிக்கத் திருச்சபை அனுமதிக்கிறது. இது போர்தான் என்று டெலண்டிக் ஒரு நொடியில் முடிவு செய்து, அங்கிருந்த அனைவருக்கும் பொதுப் பாவமன்னிப்பு வழங்கினார். புழுதி மேகம் துரத்த, ஓட்டத்தின் நடுவே எடுத்த முடிவு அது.

ஜட்ஜின் உடலை ஐந்து பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்த காட்சியை ராய்ட்டர்ஸின் ஷானன் ஸ்டேபிள்டன் படமெடுத்தார். உலகம் அறிந்த படம் அது. பார்க்லி தெருவிலிருந்த புனித பேதுரு ஆலயத்துக்குக் கொண்டுபோய்ப் பீடத்தின் முன் கிடத்தினார்கள். பலியானோர் பதிவில் அவருக்கு 0001 என்ற எண் விழுந்தது. அவருக்கு முன்பே விமானங்களிலும் கோபுரங்களிலும் எத்தனையோ பேர் மாண்டிருந்தார்கள்; ஆனால் முதலில் சான்றளிக்கப்பட்ட மரணம் இவருடையது. துறை அன்று இழந்தது மொத்தம் 343 பேர்.

அதுவரை, பணியில் இறக்கும் வீரருக்கான மத்திய அரசின் உதவித்தொகைச் சட்டம் ஆன்மகுருக்களைக் கணக்கில் எடுக்கவில்லை. 2002 ஜூனில் ஜட்ஜின் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. காவல்துறை, தீயணைப்புத் துறை ஆன்மகுருக்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். மனைவி, மக்கள் இல்லாதவர் விட்டுச்செல்லும் தொகை, அவருடைய ஆயுள் காப்பீட்டில் குறிப்பிட்டவருக்குப் போகவும் வழி பிறந்தது. மணம் செய்துகொள்ளாத துறவிக்கு இது தேவைதானே. ஒருபால் இணையருக்கும் அந்த உதவி கிடைக்க இதனால் வழி திறந்தது. ஜட்ஜ் தாமும் ஒருபால் ஈர்ப்பு கொண்டவர் என்பதையும், துறவு நெறி காத்தவர் என்பதையும் அவர் இறந்த பிறகு நண்பர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர் பெயரிலான சட்டம் ஒருபால் இணையரையும் எட்டியதை நான் நியாயமென்றே நினைக்கிறேன்.

டெலண்டிக்கின் வேலை அன்றோடு முடியவில்லை. இடிபாட்டுப் புழுதியைச் சுவாசித்த வீரர்கள் புற்றுநோயிலும் நுரையீரல் நோயிலும் விழத் தொடங்கினார்கள்; சவ அடக்கங்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. 2023 செப்டம்பரில், இப்படி நோயால் இறந்த துறையினரின் எண்ணிக்கையும் 343ஐத் தொட்டது. அந்த நவம்பரில், அதே புழுதியோடு தொடர்புடைய புற்றுநோயால் டெலண்டிக்கும் இறந்தார்.

(தொடரும்)