கடலுக்கு அப்பால் சூறாவளி: உள்நாட்டு இல்லங்களும் வரலாறு தரும் பாடமும்

சூறாவளியைக் கடலோரத்துக்குரிய அனர்த்தமாகவே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி, முறிந்த தென்னைகளும் கூரையிழந்த வீடுகளுமாகவே இலங்கைத் தமிழரின் நினைவிற் பதிந்துள்ளது. எனவே கடலிலிருந்து தொலைவில், சிறப்பாக உயர்நிலங்களில், வாழ்வோர் தம்மைப் பாதுகாப்புடையோராகக் கருதுதல் இயல்பே. ஆயினும் கடந்த அரை நூற்றாண்டு வரலாறு இக்கருத்துக்குச் சான்று பகரவில்லை. நிலத்தினுட் புகும் சூறாவளி உடனே அழிந்துவிடுவதில்லை. அது விளைக்கும் கேட்டின் வடிவமே மாறுகிறது. இம்மாற்றம் தெளிவாகப் பதிவு செய்யப்பட்டுள்ள நாடு ஐக்கிய அமெரிக்காவாகும். அங்கு நிகழ்ந்த நான்கு சூறாவளிகளை முன்வைத்து, உள்நாட்டில் வாழ்வோர் எதற்கு ஆயத்தமாதல் வேண்டும், அவ்வாயத்தத்துக்குத் தடையாக நிற்பது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சூறாவளிக்கு வலுவூட்டுவது வெப்பமான கடல்நீரிலிருந்து எழும் நீராவியாகும். நிலத்தை அடைந்ததும் அவ்வூட்டம் நின்றுபோக, காற்றின் வேகம் தணியத் தொடங்குகிறது. கப்லன், டிமேரியா என்னும் ஆய்வாளர் இருவர் 1995 இல் வெளியிட்ட கணிப்பின்படி, கரையேறிய சூறாவளியின் காற்று ஏறத்தாழ 7 மணித்தியாலங்களில் பாதியளவாகக் குறைகிறது. இதிலிருந்து இரு உண்மைகள் பெறப்படும். விரைந்து நகரும் சூறாவளி, வேகம் தணிவதற்குள் உள்நாட்டில் நெடுந்தூரம் சென்றுவிடும். மெதுவாக நகரும் சூறாவளியோ காற்றை இழந்த பின்னரும் தான் சுமந்துவந்த ஈரப்பதனை ஒரே பிரதேசத்திற் பொழியும். அவ்வீரக்காற்று மலைத்தொடரில் மோதி மேலெழுமாயின் மழை பன்மடங்காகும்.

1969 ஓகஸ்ட் 17 ஆம் திகதி இரவு மிசிசிப்பிக் கரையைத் தாக்கிய 'கமில்' இதற்கு முதற்சான்றாகும். இரு நாட்களின் பின் அது வெறும் தாழமுக்கமாகத் தணிந்து வேர்ஜினியா மாநிலத்தை அடைந்தது. பெருமழையை எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஓகஸ்ட் 19 ஆம் திகதி இரவு, புளூ ரிட்ஜ் மலைச்சாரலில் அமைந்த நெல்சன் மாவட்டத்தில், ஏறத்தாழ 8 மணித்தியாலங்களில் 27 அங்குலத்துக்குக் குறையாத மழை கொட்டியது. மலைச்சரிவுகள் மரங்களோடும் பாறைகளோடும் பெயர்ந்து, உறக்கத்திலிருந்த குடும்பங்களை வீடுகளோடு அடித்துச் சென்றன. அம்மாவட்டத்தில் மாத்திரம் 120 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அன்றைய குடித்தொகையில் இது நூற்றுக்கு ஒரு வீதம். கரையோர மக்கள் சூறாவளி வருமென அறிந்திருந்தனர். மலைநாட்டு மக்களோ அது முடிந்துவிட்டதென்றே எண்ணியிருந்தனர்.

1972 ஜூன் மாதத்தில் வந்த 'அக்னஸ்' காற்றளவில் வலுக்குறைந்த சூறாவளி. ஆயினும் அதன் மழையாற் பென்சில்வேனியா மாநிலத்தின் சஸ்குவகன்னா ஆறு பெருக்கெடுத்தது. 1936 ஆம் ஆண்டு வெள்ளத்தின் பின் வில்க்ஸ்-பாரே நகரைக் காக்க எழுப்பப்பட்ட அணைக்கரைகள் சுமார் 37 அடி நீர்மட்டத்தையே தாங்கக்கூடியன. ஜூன் மாதத்தின் நான்காம் வாரத்தில் நீரோ 40 அடியைக் கடந்தது. மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டமையால் அந்நகரில் உயிரிழப்பு குறைவாயிருந்தது. வீடிழப்பு மிகப் பெரிதாயிருந்தது. தேசிய வெள்ளக் காப்புறுதிச் சட்டம் 1968 இலேயே இயற்றப்பட்டிருந்தும், காப்புறுதி பெற்றிருந்தோர் மிகச் சிலரே. இவ்வனுபவத்தின் விளைவாகவே 1973 ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ள அபாய வலயமென வரையப்பட்ட நிலத்தில் அரச ஒழுங்குக்குட்பட்ட நிறுவனங்களிடம் கடன்பெற்று வீடு வாங்குவோர் காப்புறுதி பெறுதலைக் கட்டாயமாக்கியது. இது பயனுள்ள சீர்திருத்தமே. ஆனால் இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. படத்தில் வரையப்பட்ட கோட்டுக்கு வெளியே வாழ்வோர், அபாயத்துக்கும் வெளியே வாழ்வதாகக் கருதத் தலைப்பட்டனர்.

காற்றும் உள்நாட்டை எட்டும் என்பதை 1989 இல் வந்த 'ஹியூகோ' காட்டியது. செப்ரெம்பர் 22 ஆம் திகதி, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே கரையேறிய அது, விடியற்பொழுதில் ஏறத்தாழ 200 மைல் உள்ளே அமைந்த சார்லட் நகரை அடைந்தது. அங்கு மணிக்கு 80 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. நகரின் பெருமையாய் நின்ற நிழல்மரங்கள் வீடுகள்மீதும் மின்கம்பிகள்மீதும் வீழ்ந்தன. சில பகுதிகளில் இரு வாரங்கள் வரை மின்சாரம் இருக்கவில்லை.

இப்பாடங்கள் மறக்கப்பட்ட விதத்தை வட கரோலினா மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதியிற் காணலாம். அங்குள்ள ஆஷ்வில் நகரம் 1916 ஜூலையில், அடுத்தடுத்து வந்த இரு புயல்களின் மழையாற் பெருவெள்ளத்துக்கு உள்ளாகியிருந்தது. 2004 இல் வந்த 'பிரான்சிஸ்', 'ஐவன்' என்னும் சூறாவளிகள் அம்மலைகளில் மண்சரிவுகளை விளைத்தன. அதன்பின் சரிவு அபாயத்தைக் காட்டும் நிலப்படங்களை வரையும் பணியை மாநில அரசு தொடங்கியது. சில மாவட்டங்களின் படங்களே முடிவுற்ற நிலையில், 2011 இல் அப்பணிக்கான நிதி நிறுத்தப்பட்டது. 2018 இன் பின்னரே அது மீண்டும் தொடங்கிற்று. 2024 செப்ரெம்பர் 26 ஆம் திகதி இரவு புளோரிடாவிற் கரையேறிய 'ஹெலீன்' மறுநாள் இம்மலைகளை அடைந்தபோது, முந்திய நாட்களின் மழையால் நிலம் ஏற்கெனவே நீரூறியிருந்தது. ஓரிடத்தில் மொத்த மழைவீழ்ச்சி 30 அங்குலத்தைக் கடந்தது; வெள்ளம் 1916 ஆம் ஆண்டு அளவையும் விஞ்சியது. அம்மாநிலத்தில் மாத்திரம் 100 பேருக்கு மேல் உயிரிழந்தனர். ஆஷ்வில் அமைந்த மாவட்டத்தில் வெள்ளக் காப்புறுதி பெற்றிருந்த வீடுகள் நூற்றுக்கு ஒன்றும் இல்லை. குழாய்நீர் குடிப்பதற்கு உகந்ததென அறிவிக்கப்பட நவம்பர் 18 ஆம் திகதிவரை காத்திருக்க நேர்ந்தது.

இந்நிகழ்வுகளைத் தொகுத்து நோக்குமிடத்து, உள்நாட்டு இல்லத்தின் ஆயத்தம் எத்தகையது என்பது புலப்படும். முதலாவது, வீடு நிற்கும் நிலத்தின் வரலாற்றை அறிதல்: அது பழைய சரிவு மண்ணா, ஓடையின் வாய்ப்புறமா, ஆற்றின் பழைய தடமா என்பவற்றை ஆராய்தல். இரண்டாவது, சூறாவளி வலுவிழந்ததென்னும் செய்தியை அபாயம் நீங்கிய செய்தியாகக் கொள்ளாமை. மூன்றாவது, இருளுமுன் வெளியேறல். நிலத்தில் வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் ஆகியன சரிவின் முன்னறிகுறிகளாகும். நள்ளிரவில் இவற்றைக் காண்பாரில்லை. நான்காவது, வீட்டின்மீது விழக்கூடிய மரங்களை முன்கூட்டியே வெட்டி ஒழுங்குசெய்தல். ஐந்தாவது, பாதைகளும் குழாய்நீரும் பல நாட்கள் தடைப்படும் என்பதை உணர்ந்து நீர், உணவு, மருந்து ஆகியவற்றைச் சேமித்தல்.

இவை யாவும் எளியனவாகத் தோன்றலாம். ஆயின் இவ்வறிவுரைகள் அனைத்திலும் ஓர் எடுகோள் மறைந்துள்ளது. வாழும் இடத்தைத் தெரிவு செய்யும் உரிமையும், வீட்டைத் திருத்தும் உரிமையும், அதனைக் காப்புறுதி செய்யும் வசதியும் வாழ்பவருக்கு உண்டு என்பதே அது. நமது மலையகத்தை நோக்கும்போது இவ்வெடுகோள் நிலைகுலைகிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி, சூறாவளி எதுவுமின்றிப் பருவமழையினாலேயே, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மண்ணுள் மறைந்தன. அவ்விடம் அபாயமுடையது என்பது முன்னரே சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைக் கடந்த 'டித்வா' சூறாவளியின் காற்று, 1978 ஆம் ஆண்டுச் சூறாவளியின் காற்றோடு ஒப்பிடுகையில் வலுக்குறைந்ததே. எனினும் 600 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மலை மாவட்டங்களிலேயே உயிரிழப்பு மிகுந்திருந்தது. நெல்சன் மாவட்டத்தில் 1969 இல் நிகழ்ந்தது இங்கும் நிகழ்ந்தது எனலாம்.

ஆனால் இரண்டுக்குமிடையே ஒரு வேறுபாடு உண்டு. நெல்சன் மாவட்டத்துக் குடியானவருட் பலர் தம் நிலத்துக்கு உரித்துடையோர். தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலானோருக்கோ குடியிருக்கும் லயனறையும் உரித்தன்று, அது நிற்கும் காணியும் உரித்தன்று. லயன் அமைய வேண்டிய இடத்தை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் தெரிவு செய்தோர் தேயிலைக்கும் கோப்பிக்கும் எந்நிலம் ஏற்றதென நோக்கினரேயன்றி, அங்கு உறங்குவோரின் பாதுகாப்பை முதன்மையாகக் கருதினர் என்பதற்கில்லை. அபாயமுள்ள சரிவிலிருந்து வெளியேறுமாறு கூறப்படும் குடும்பம், வெளியேறிச் செல்வதற்கு ஒரு துண்டு நிலமும் இன்றி எங்ஙனம் வெளியேறும்? எச்சரிக்கை கேட்டும் மக்கள் திரும்பி வந்தனர் எனக் குறைகூறுவோர் இவ்வினாவுக்கு முதலில் விடைகூறல் வேண்டும்.

ஆகவே பாதுகாப்பான நிலத்திற் காணியுரிமை வழங்குதலைச் சமூக நலத்திட்டம் என்று மாத்திரம் கொள்ளாது, சூறாவளி ஆயத்தத்தின் முதற்படியாகவும் கொள்ளல் தகும். பல்கலைக்கழகத்தாராகிய நாமும் இதிற் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. வட கரோலினாவில் நிலப்படம் வரையும் பணி நின்றுபோன ஆண்டுகள், அரசின் கையிலிருக்கும் அறிவு எவ்வளவு எளிதில் தடைப்படும் என்பதைக் காட்டின. எங்கு மண் சரிந்தது, எந்த ஓடை எம்மட்டம்வரை பெருகியது, எந்த லயன் எக்காலத்திற் கைவிடப்பட்டது என்பவற்றைத் தோட்டத்து முதியோர் நன்கறிவர். அவர்கள் கூறுவதை ஆண்டோடும் இடத்தோடும் எழுதிவைத்தல் வரலாற்று மாணவர்க்கும் புவியியல் மாணவர்க்கும் இயலாத செயலன்று. அடுத்த சூறாவளிக்குமுன் அப்பதிவுகள் அம்மக்களின் கையிலும், காணி ஒதுக்கும் அதிகாரிகளின் மேசையிலும் இருத்தல் வேண்டும்.