தைராய்டு கட்டியும் ஊசி சொல்லாத பதிலும்

கழுத்தில் ஒரு கட்டி. டாக்டர் தொட்டுப் பார்க்கிறார், ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார், பிறகு மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுக்கிறார்கள். நம்மூர் லேப்களில் எஃப்.என்.ஏ.சி. என்பார்களே, அதேதான். ரிப்போர்ட் வருகிறது. அதில் புற்றுநோய் என்றும் இல்லை, புற்றுநோய் இல்லை என்றும் இல்லை. நடுவில் ஏதோ ஒன்று! அந்த "நடுவில் ஏதோ ஒன்று" பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

ஊசியால் கட்டியைக் குத்திப் பார்க்கும் யோசனை புதிதல்ல. 1930-லேயே நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் ஹேய்ஸ் மார்ட்டின், எட்வர்ட் எல்லிஸ் என்ற இருவர் இதைச் செய்து எழுதியும் இருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தியது கொஞ்சம் தடித்த ஊசி. அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முழுத் துண்டாகத் திசுவைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு நாலு செல்கள் எப்படிப் போதும்? 1950-களில் ஸ்வீடனில்தான் மெல்லிய ஊசி நிலைத்தது. சோடர்ஸ்ட்ரோம், ஃப்ரான்சென், ஸாயிசெக் ஆகியோர் அங்கே முக்கியமான பெயர்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான் அமெரிக்கா மனம் மாறியது.

ஆனால் தைராய்டில் ஒரு சிக்கல். ஃபாலிகுலர் வகைக் கட்டிகளில் சாதுவானதும் புற்றுநோயும் செல் அளவில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கட்டியைச் சுற்றியுள்ள உறையை அல்லது இரத்தக் குழாயை அது துளைத்துவிட்டதா என்பதே வித்தியாசம். நாலு செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு காம்பவுண்டு சுவர் இடிந்திருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? ஆபரேஷன் செய்து கட்டியை வெளியே எடுத்தால்தான் தெரியும். அப்படி எடுத்தவற்றில் பெரும்பாலானவை சாதுவானவை என்பதுதான் கொடுமை. பாதி தைராய்டு போனது போனதுதான். முழுவதும் எடுத்துவிட்டாலோ ஆயுள் முழுக்க தினமும் மாத்திரை.

இதில் மொழிக் குழப்பம் வேறு. ஒரு லேப் "அட்டிபிகல்" என்று எழுதும், இன்னொன்று "இன்டிடெர்மினேட்" என்னும், மூன்றாவது "ஃபாலிகுலர் லீஷன்" என்று முடித்துக்கொள்ளும். படிக்கிற சர்ஜன் தன் அனுபவத்துக்கு ஏற்பப் பொருள் கொள்வார். ஆளுக்கொரு வார்த்தையில் ஆடிட்டர்கள் கையெழுத்துப் போட்டால் பங்குதாரர் கதி என்னவோ, அதுதான் நோயாளி கதியும் :-)

2007 அக்டோபரில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் ஒரு மாநாடு கூட்டியது. அதிலிருந்து பிறந்ததுதான் பெதஸ்டா முறை. சையத் அலியும் எட்மண்ட் சிபாஸும் தொகுத்த கையேடு 2010-ல் வெளிவந்தது. மொத்தம் ஆறு வகை, ஒவ்வொன்றுக்கும் புற்றுநோய் ரிஸ்க் சதவீதம், அடுத்து என்ன செய்வது என்ற ஆலோசனை. மூன்றாம் வகைதான் அந்த "நடுவில்". ரிஸ்க் 5 முதல் 15 சதவீதம், பெரும்பாலும் மறுபடி ஊசி. சோம்பேறித்தனமாக எல்லாவற்றையும் இதில் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக, மொத்த ரிப்போர்ட்டுகளில் இது சுமார் 7 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். பிரிட்டனிலும் இத்தாலியிலும் தனித்தனி முறைகள் வைத்துக்கொண்டார்கள், அது வேறு கதை.

வார்த்தை ஒன்றானது. கண்கள்? 2013-ல் அதே சிபாஸ் முதல் ஆசிரியராக ஒரு ஆய்வு வெளியிட்டார். உள்ளூர் நிபுணர்களின் முடிவும் மையக் குழுவின் முடிவும் ஒத்துப்போனது 64 சதவீதம்தான். ஒரே ஆள் அதே ஸ்லைடை மறுபடி பார்த்தபோதுகூட சுமார் 75 சதவீதம்தான். விதிப்புத்தகம் எழுதியவரே அதன் எல்லையையும் அளந்து காட்டியது பெரிய மனசு என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் மரபணுச் சோதனைகள் வந்தன. 2012-ல் வெளியான அஃபிர்மா ஆய்வு, சந்தேகக் கட்டிகள் 265-ஐச் சோதித்தது. புற்றுநோயைத் தவறவிடாமல் பிடித்தது 92 சதவீதம். சாதுவானதைச் சாது என்று சொன்னது 52 சதவீதம் மட்டுமே. விலையோ ஆயிரக்கணக்கான டாலர்.

இதைவிடச் சுவாரசியமானது 2016-ல் நடந்தது. ஏழு நாடுகளைச் சேர்ந்த 24 நிபுணர்கள், உறையைத் துளைக்காத ஒரு வகைக் கட்டியை எடுத்துக்கொண்டார்கள். 109 நோயாளிகளை 10 முதல் 26 ஆண்டுகள் வரை கவனித்ததில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. ஆகவே அதன் பெயரிலிருந்து புற்றுநோய் என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். நேற்றுவரை "புற்றுநோய்" என்று சரியாகக் கணித்தது இன்று தவறு! அளவுகோலே நகர்ந்துவிட்டது. 2017-ல் வந்த பெதஸ்டா இரண்டாம் பதிப்பு, மூன்றாம் வகைக்கு இரண்டு கணக்கு போட வேண்டியதாயிற்று. அந்தக் கட்டியைப் புற்றுநோயாக எண்ணினால் 10 முதல் 30 சதவீதம், எண்ணாவிட்டால் 6 முதல் 18.

2023-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. ஆறு வகைக்கும் ஆளுக்கொரு பெயர்தான், மாற்றுப் பெயர்கள் ஒழிந்தன. "நடுவில்" இருப்பதன் சராசரி ரிஸ்க் இப்போது 22 சதவீதம் என்கிறது அட்டவணை. ஆபரேஷன் வரை போனவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. ஊசியோடு நின்றவர்களின் கட்டி உண்மையில் என்னவென்று யாரும் வெட்டிப் பார்க்கவில்லையே.